ஒளித் துகளை அழிக்காமல் எண்ணும் கருவி: பூட்டுக்கு உதவுமா, திருடனுக்கு உதவுமா?

குவாண்டம் என்ற சொல் விஞ்ஞானிகளின் வாயிலிருந்து அமைச்சர்களின் வாய்க்கு வந்து சேர்ந்துவிட்டது. மத்திய அமைச்சரவை 2023ம் ஆண்டு ஏப்ரல் 19ந் தேதி தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. செலவு 6,003 கோடியே 65 லட்சம் ரூபாய். காலம் 2023-24 முதல் 2030-31 வரை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குக் கம்ப்யூட்டர், சென்னை ஐ.ஐ.டி.க்குத் தகவல் தொடர்பு, பம்பாய் ஐ.ஐ.டி.க்கு அளவீட்டுக் கருவிகள், டில்லி ஐ.ஐ.டி.க்கு அவற்றுக்கான பொருள்கள் என்று நான்கு மையங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கர்நாடக அரசும் 2025ல் தன் பங்குக்கு 1,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது.

இத்தனை பணம் எதற்கு என்று கேட்டால் முதலில் வரும் பதில், யாராலும் ஒட்டுக் கேட்க முடியாத ரகசியத் தொடர்பு என்பது. பாங்குக் கணக்கு, ராணுவச் செய்தி, செல்போனில் ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாவற்றுக்கும் அதில் பாதுகாப்பு உண்டு என்கிறார்கள். இந்த வாக்குறுதி முழுவதும் ஒரே ஓர் இயற்கை விதியின் மீது நிற்கிறது. ஒளியின் மிகச் சிறிய துகள் ஒன்றை இடையில் ஒருவன் தொட்டால் அது கெட்டுப் போகும். கெட்டுப் போனதைக் கொண்டு திருட்டைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால் பாரிஸ் நகரிலும், ஜெர்மனியில் மூனிக் அருகே உள்ள கார்ச்சிங் என்ற ஊரிலும் விஞ்ஞானிகள் ஒரு காரியம் செய்து காட்டியிருக்கிறார்கள். ஒற்றை ஒளித் துகளை, அதை அழிக்காமலே, இருக்கிறது என்று கண்டறிந்துவிட்டார்கள். அப்படியானால் பூட்டு உடைந்து விட்டதா?

பார்த்தால் போய்விடும்

ஒளி துகள் துகளாக வருகிறது என்று ஐன்ஸ்டைன் 1905ல் கூறினார். அந்தத் துகளுக்குப் போட்டான் என்ற பெயர் 1926ல் வழக்கத்துக்கு வந்தது. மனிதக் கண், போட்டோ பிலிம், தெருமுனையில் தொங்கும் காமிரா எல்லாம் ஒரே விதமாகத்தான் போட்டானைப் பார்க்கின்றன. போட்டான் வந்து மோதுகிறது, அதன் சக்தியைக் கருவி விழுங்கிக்கொள்கிறது, போட்டான் இல்லாமல் போகிறது. ஸ்டேஷன் வாசலில் நிற்கும் டிக்கெட் கலெக்டர் டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொள்வது போல. பயணி வந்தார் என்பதற்கு அத்தாட்சி அவர் கையில் இருக்கிறது. பயணியின் கையில் எதுவும் இல்லை. அதே டிக்கெட்டை இரண்டாம் முறை பரிசோதிக்க முடியாது.

அழிக்காமல் அளக்க வழி உண்டா என்ற கேள்வியை 1970களில் மாஸ்கோவில் பிராகின்ஸ்கி என்ற விஞ்ஞானி தீவிரமாக எழுப்பினார். அவர் தேடியது போட்டானை அல்ல. வான்வெளியிலிருந்து வரும் ஈர்ப்பு அலைகளை. அந்த அலை ஏற்படுத்தும் அசைவு மிகமிக நுட்பமானது. அளக்கும் கருவியே அசைவை உண்டாக்கிவிட்டால் எது அலை, எது கருவியின் உதை என்று தெரியாது. ஆகவே, அளக்க வேண்டிய ஒன்றை மட்டும் தொந்தரவு செய்யாமல், உதையை வேறு பக்கம் தள்ளிவிடும் அளவீடு வேண்டும் என்று அவர் வாதிட்டார். விதியை ஏமாற்றும் வழி அல்ல அது. விதி வசூலிக்கும் கட்டணத்தை வேறு கணக்கில் கட்டும் வழி.

இதற்கு ரயில்வேயிலேயே ஓர் உவமை இருக்கிறது. தண்டவாளத்தின் ஓரத்தில் ஆக்சில் கவுண்டர் என்ற கருவியைப் பொருத்தியிருப்பார்கள். அதில் கம்பிச் சுருள்கள் இருக்கும். சக்கரம் கடக்கும்போது சுருளைச் சுற்றியுள்ள காந்தப் புலம் மாறும். அதைக் கொண்டு எத்தனை அச்சுகள் கடந்தன என்று எண்ணிவிடும். வண்டி நிற்க வேண்டியதில்லை. சக்கரத்தை யாரும் தொடுவதில்லை. ஆனால் வண்டிக்குள் யார் இருக்கிறார், அவர் பெட்டியில் என்ன இருக்கிறது என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

பாரிஸில் நடந்தது

பாரிஸில் எக்கோல் நார்மால் என்ற புகழ்பெற்ற கல்வி நிலையத்தில் செர்ஜ் ஹரோஷ், ழான் மிஷேல் ரேமோன், மிஷேல் புரூன் ஆகியோரின் குழு இதற்கான திட்டத்தை 1990ல் எழுதியது. ஹரோஷ் மொராக்கோ நாட்டில் காசாபிளாங்காவில் 1944ல் பிறந்து, சிறு வயதில் குடும்பத்தோடு பிரான்ஸுக்கு வந்தவர்.

அவர்கள் செய்தது இது. இரண்டு வளைந்த கண்ணாடிகளை மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் எதிரெதிரே வைத்தார்கள். கண்ணாடி என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி அல்ல. வைர முனையால் கடைந்தெடுத்த செம்பு, அதன் மேல் நையோபியம் என்ற உலோகப் பூச்சு. முழுப் பூஜ்யத்துக்கு மேல் ஒரு டிகிரி கூட இல்லாத கடுங்குளிரில் அந்தப் பூச்சுக்கு மின்தடை மறைந்துவிடும். நடுவில் அகப்பட்ட போட்டான் இரண்டுக்கும் இடையே நூறு கோடி முறைக்கு மேல் மோதித் திரும்பும். இது கண்ணுக்குத் தெரியும் ஒளியின் போட்டான் அல்ல. ராடார் அலையைப் போன்ற மைக்ரோ அலையின் போட்டான். அது சராசரியாக ஒரு வினாடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் உயிரோடு இருந்தது. கேட்க அற்பமாகத் தோன்றும். அந்த நேரத்துக்குள் ஒளி 40,000 கிலோமீட்டர் ஓடும். அது பூமியை ஒரு முறை சுற்றி வரும் தூரம்.

இந்தப் பெட்டியின் குறுக்கே ருபீடியம் அணுக்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினார்கள். அவை சாதாரண அணுக்கள் அல்ல. லேசரால் உப்ப வைத்து, வழக்கமான அணுவைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பெரிதாக்கப்பட்டவை. ஒவ்வோர் அணுவும் ஒரு சிறிய கடிகாரம் போல நடந்துகொள்ளும். பெட்டிக்கு முன்னால் முள்ளை ஓட விடுகிறார்கள். பெட்டியைக் கடந்த பின் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறார்கள். உள்ளே போட்டான் இல்லையென்றால் முள் ஓரிடத்தில் இருக்கும். ஒரு போட்டான் இருந்தால் அரைச் சுற்று தள்ளி நிற்கும். அணுவின் சுருதியும் போட்டானின் சுருதியும் பொருந்தாதபடி முன்கூட்டியே அமைத்துவிட்டதால் அணுவால் போட்டானை விழுங்க முடியாது. அது கடந்து போகிறது, செய்தியை எடுத்துக்கொண்டு. போட்டான் இருந்த இடத்தில் இருக்கிறது. அடுத்த அணு வந்து அதே போட்டானை மறுபடி விசாரிக்கிறது.

1999ல் இதே குழு வேறொரு முறையில் போட்டானை ஒரு முறை அழிக்காமல் பார்த்தது. 2007 மார்ச்சில் வெளிவந்த பரிசோதனைதான் உலகத்தை நிமிர்ந்து பார்க்க வைத்தது. ஒரு போட்டானின் வாழ்நாளுக்குள் நூற்றுக்கணக்கான அணுக்கள் கடந்தன. வரிசையாக, இல்லை, இல்லை, இல்லை என்று வந்த பதில் திடீரென்று, இருக்கிறது என்று மாறியது. வெப்பத்தில் எங்கிருந்தோ தோன்றிய ஒற்றைப் போட்டான் அது. கொஞ்ச நேரம் கழித்து ஒரே தாவலில் மறுபடி, இல்லை. ஒரு போட்டானின் பிறப்பும் இறப்பும் பதிவேட்டில் ஏறின. தனி ஓர் அணுவை வைத்து மனிதன் ஒருபோதும் பரிசோதனை செய்வதில்லை என்று 1952ல் ஷ்ரோடிங்கர் எழுதியிருந்தார். அந்த வார்த்தை அதற்கு முன்பே பொய்த்துவிட்டதுதான். இப்போது போட்டான் விஷயத்திலும் பொய்த்தது. ஹரோஷுக்கும் அமெரிக்காவின் டேவிட் வைன்லேண்டுக்கும் 2012ல் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே கட்டணம் எந்தக் கணக்கில் போயிற்று? போட்டான்களின் எண்ணிக்கை தெளிவாகத் தெரிந்தது. அதற்கு ஈடாக, அலையின் ஏற்ற இறக்கம் எந்த இடத்தில் இருக்கிறது என்ற விவரம் முற்றிலும் கலைந்துவிட்டது. ஒன்றைத் துல்லியமாக அறிந்தால் அதன் ஜோடியை இழக்க வேண்டும் என்ற ஹைசன்பர்க்கின் 1927ம் ஆண்டு விதி அப்படியே நிற்கிறது.

ஒரு விவரத்தை விட்டுவிடக் கூடாது. 1999ல் இவர்களின் பெட்டியில் போட்டான் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் தங்கியது. அதை நூறு மடங்குக்கு மேல் உயர்த்தியது புதிய தத்துவம் அல்ல, கண்ணாடியின் வேலைப்பாடு. கடைசல், மெருகு, உலோகப் பூச்சு. திட்டம் எழுதியதற்கும் பலன் கிடைத்ததற்கும் நடுவில் 17 ஆண்டுகள். நம் தேசியத் திட்டத்துக்குக் கொடுக்கப்பட்டிருப்பது எட்டு ஆண்டுகள்.

பெங்களூரில் வெளியான பூட்டு

இனி பூட்டு. 1984 டிசம்பரில் பெங்களூரில் கம்ப்யூட்டர்கள், சிக்னல்கள் பற்றிய சர்வதேச மாநாடு ஒன்று நடந்தது. அதன் கட்டுரைத் தொகுப்பில் ஐ.பி.எம். கம்பெனியின் சார்லஸ் பென்னட்டும், மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தின் ழீல் பிரசாரும் எழுதிய ஐந்து பக்கக் கட்டுரை இடம் பெற்றது. இன்று உலகம் முழுவதும் குவாண்டம் ரகசியச் சாவிக்கு அடிப்படை அதுவே. பெங்களூரில் வெளியான ஒரு யோசனைக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்துத்தான் தேசியத் திட்டம் வந்திருக்கிறது.

அந்த யோசனை எளிமையானது. அனுப்புகிறவர் ஒவ்வொரு போட்டானிலும் ஒரு புள்ளியை எழுதுகிறார். எழுத இரண்டு முறைகள் உண்டு. எந்த முறையில் எழுதினார் என்பதை அப்போது சொல்லமாட்டார். இடையில் திருடுகிறவன் தப்பான முறையில் படித்தால் எழுத்தே மாறிவிடும். பிறகு இரு தரப்பும் சில புள்ளிகளை ஒப்பிட்டுப் பார்த்தால் பிழைகள் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆக்சில் கவுண்டரை நினைவுபடுத்திக்கொண்டால் முதல் பயம் தெளிந்துவிடும். அழிக்காத அளவீடு, போட்டான் வந்ததா, எத்தனை வந்தன என்பதைத்தான் கேட்கிறது. உள்ளே எழுதியிருப்பதைக் கேட்டால் அது கெட்டுவிடும். ஆகவே பூட்டு உடையவில்லை என்று பல அறிஞர்கள் இந்த இடத்தோடு கதையை முடித்துவிடுகிறார்கள்.

கதை முடியவில்லை. எண்ணிக்கை மட்டும் தெரிந்தாலே திருட வழி உண்டு என்று 2000ம் ஆண்டில் பிரசார் உள்ளிட்ட நால்வரே எடுத்துக்காட்டினார்கள். எப்படி என்றால், கச்சிதமாக ஒரே ஒரு போட்டானை மட்டும் கொடுக்கும் விளக்கு கிடைப்பது அரிது. நடைமுறையில் லேசரை மிகவும் மங்க வைத்து அனுப்புகிறார்கள். பத்துத் துடிப்புக்குச் சராசரி ஒரு போட்டான் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால், ஆயிரம் துடிப்பில் சுமார் 905 காலியாகப் போகும். 90ல் ஒரு போட்டான் இருக்கும். ஐந்தில் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும். அந்த ஐந்துதான் ஓட்டை. ஆபீசில் ஒரு கடிதத்தைக் கார்பன் வைத்து இரண்டு பிரதி அடித்து ஒரே உறையில் போட்டால், கொண்டு போகிற ஆள் ஒன்றை உருவிக்கொண்டு மற்றதைச் சேர்ப்பித்துவிடலாம் அல்லவா? திருடன் போட்டான்களை அழிக்காமல் எண்ணுகிறான். இரண்டு இருந்தால் ஒன்றைத் தனக்கு வைத்துக்கொள்கிறான். ஒன்றுதான் இருந்தால் தடுத்துவிடுகிறான். எழுதிய முறையைப் பிறகு அனுப்பியவரே அறிவிக்கும்போது, வைத்திருந்ததை எடுத்துச் சரியான முறையில் படித்துக்கொள்கிறான். பிழை ஒன்றும் விழாது.

போட்டான் குறைந்தால் சந்தேகம் வராதா? வராது. நல்ல கண்ணாடி இழைக் கேபிளிலேயே 15 கிலோமீட்டருக்குள் பாதி தொலைந்துவிடும். 50 கிலோமீட்டரில் பத்தில் ஒன்று, 100 கிலோமீட்டரில் நூறில் ஒன்றுதான் மிஞ்சும். திருடன் தடுத்ததைக் கேபிள் விழுங்கியதாக எண்ணிக்கொள்வார்கள். தூரம் கூடக்கூடத் திருடனுக்கு வசதி.

இதற்கும் மாற்று கண்டார்கள். 2003ல் ஹ்வாங் என்பவர் யோசனை சொன்னார். 2005ல் மற்றவர்கள் அதை நன்கு வகுத்தார்கள். உண்மையான துடிப்புகளின் நடுவே பிரகாசம் கூடியும் குறைந்தும் பொய்த் துடிப்புகளைக் கலந்து அனுப்புவது. எது மெய், எது பொய் என்று திருடனுக்குத் தெரியாது. எண்ணிக்கையைப் பார்த்து அவன் கை வைத்தால், மங்கலான துடிப்புகளும் பிரகாசமான துடிப்புகளும் தொலையும் விகிதம் கேபிளின் இயல்புக்குப் பொருந்தாமல் போகும். பார்சல் திருட்டைப் பிடிக்க எடை குறித்த மூட்டைகளை இடையிடையே வைப்பது போன்ற உபாயம். எந்தத் தொடர்புக் கருவியை அரசு வாங்கினாலும், இந்தப் பொய்த் துடிப்பு ஏற்பாடு அதில் இருக்கிறதா என்பது முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

கார்ச்சிங் கணக்கு

கேபிளில் ஓடுவது மைக்ரோ அலை அல்ல, ஒளி. அந்த ஒளியின் போட்டானை அழிக்காமல் கண்டறிந்தவர்கள் கார்ச்சிங்கில் மாக்ஸ் பிளாங்க் குவாண்டம் ஒளியியல் நிலையத்தில் கெர்ஹார்ட் ரெம்பேயின் குழுவினர். 2013ல் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் ஒற்றை ருபீடியம் அணுவை நிறுத்தி, வந்த போட்டானை அதன் மீது பட்டுத் திரும்ப வைத்தார்கள். திரும்பிய போட்டான் அணுவில் ஓர் அடையாளத்தை விட்டுச் சென்றது. 100 போட்டானில் 74ஐக் கண்டுபிடித்தார்கள். உயிர் தப்பியவை 66. திருடன் இந்தக் கருவியை வைத்துப் பிழைக்க முடியாது என்பது தெளிவு. மூன்றில் ஒன்றை அவனே தொலைத்துவிடுகிறான்.

அதே நிலையம் 2021ல் ஒரு படி மேலே போனது. தகவல் எழுதப்பட்ட போட்டானையே, எழுத்தைப் படிக்காமல், வந்துவிட்டது என்று மட்டும் அறிவிக்கும் கருவி. எழுத்து 96 சதவீதம் சிதையாமல் தப்பியது. போட்டானே தப்பியது 100க்கு 31 தான்.

இதன் பயன் திருடனைவிடக் காவலனுக்கே அதிகம். ஒரு ஸ்டேஷனை வண்டி கடந்துவிட்டது என்று தெரிந்தால்தான் அடுத்த ஸ்டேஷனில் பாதையைத் தயார் செய்வார்கள். நூறில் தொண்ணூற்றொன்பது போட்டான் தொலையும் பாதையில், வராத வண்டிக்காக ஒவ்வொரு முறையும் பாதையை அடைத்துக் காத்திருப்பது வீண். நடுவழியில் வண்டி வந்ததா என்று உள்ளே எட்டிப் பார்க்காமல் சொல்லும் கருவி இருந்தால் நீண்ட தூரத் தொடர்பு வேகப்படும்.

நடுவழி அறைகள்

குவாண்டம் தொடர்பில் சாதாரண டெலிபோன் கேபிளைப் போல வழியில் சிக்னலைப் பெருக்கிக்கொள்ள முடியாது. அறியாத ஒரு போட்டானைப் பிரதி எடுக்க இயற்கை அனுமதிப்பதில்லை என்பது 1982ல் நிரூபிக்கப்பட்டது. ஆகவே சீனா 2017ல் பீகிங்குக்கும் ஷாங்காய்க்கும் இடையே 2,000 கிலோமீட்டர் பாதை திறந்தபோது நடுவில் 32 நிலையங்களை வைத்தது. ஒவ்வொரு நிலையத்திலும் சாவி திறக்கப்பட்டு மறுபடி பூட்டப்படுகிறது. அந்த அறையில் இருப்பவரை நம்பித்தான் ஆக வேண்டும். நம் தேசியத் திட்டத்தின் 2,000 கிலோமீட்டர் இலக்கும் இத்தகைய நம்பிக்கை நிலையங்களைக் கொண்டதே. இயற்கை விதி காக்கும் என்று விளம்பரப்படுத்தப்படும் ரகசியம், வழியில் பல இடங்களில் கதவுப் பூட்டையும் காவலாளியையும் நம்பி நிற்கிறது. இதைப் பொதுமக்களுக்குச் சொல்லாமல் விடுவது சரியல்ல.

அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு ஏஜென்சியும், பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையமும் இந்தக் குவாண்டம் சாவியை அரசின் முக்கியத் தொடர்புகளுக்குப் பரிந்துரைக்க மறுத்திருக்கின்றன. பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, சுவீடன் பாதுகாப்பு அமைப்புகளும் 2024 ஜனவரியில் ஏறத்தாழ இதே கருத்தைக் கூட்டாக வெளியிட்டன. அவர்கள் முன்னுரிமை கொடுக்கச் சொல்வது குவாண்டம் கம்ப்யூட்டராலும் எளிதில் உடைக்க முடியாத புதுக் கணித முறைகளுக்கு. அவற்றில் மூன்றை அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு 2024 ஆகஸ்டில் அதிகாரப்பூர்வமாக வெளியிட்டது. இதற்குப் புதுக் கேபிளும் வேண்டாம், கடுங்குளிரும் வேண்டாம். செல்போனில் பணம் அனுப்பும் சாதாரண மனிதனுக்கு வரும் ஆண்டுகளில் பாதுகாப்பு கிடைக்கப் போவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

அதனால் போட்டான் ஆராய்ச்சி வீண் என்று பொருள் அல்ல. நடுவழி அறைகளை ஒழிக்க வேண்டுமானால் போட்டானைப் படிக்காமல் ஏற்று, வைத்திருந்து, கைமாற்றிவிடும் கருவிகள் வேண்டும். கார்ச்சிங்கில் நடப்பது அதற்கான வேலை. அங்கேயே தப்புவது 100க்கு 31 என்னும் நிலையில், எட்டே ஆண்டில் இங்கே அந்தக் கருவி தயாராகிவிடும் என்று மேடையில் பேசுவது பொருந்தாது. கிடைக்கும் பணத்தில் பெரும் பங்கை வெளிநாட்டுக் கருவிகளை இறக்குமதி செய்து அலமாரியில் வைக்கச் செலவழிப்பதைவிட, கண்ணாடி கடையவும், வெற்றிடப் பம்பு பொருத்தவும், குளிர் இயந்திரத்தைப் பழுது பார்க்கவும் தெரிந்த ஆட்களை ஐ.டி.ஐ.களிலிருந்தும் பாலிடெக்னிக்குகளிலிருந்தும் எடுத்துப் பழக்குவது மேல். பாரிஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியை எட்டில் ஒரு பங்காக்கியது அப்படிப்பட்ட கைகள்தான்.

தேசியத் திட்டம் ஏற்கனவே உள்ள கண்ணாடி இழைக் கேபிள்களைப் பயன்படுத்தப் போவதாகக் கூறுகிறது. நாட்டில் அத்தகைய கேபிள் தண்டவாளங்களின் ஓரமாகவே 60,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. ரயில்வேயின் ரெயில்டெல் நிறுவனம் அதை நடத்துகிறது. எந்தப் பாதையை எடுத்துக்கொள்வார்கள், நம்பிக்கை நிலையங்கள் எத்தனை, அவை எந்தெந்த ஊரில், அவற்றின் பொறுப்பு எந்த இலாகாவுக்கு என்ற விவரங்களை மத்திய விஞ்ஞானத் துறை 2030-31க்கு முன்பே பாராளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும்.